பதினேழாம் பக்கத்தில் யாரும் இல்லை

போனில் படிக்கிற அந்தக் கதையின் கடைசிப் பக்கத்தில் ஒரு பச்சைப் பட்டன் உண்டு. 'உதவ நினைக்கிறேன்' என்று அதில் எழுதியிருக்கும். அழுத்தினால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போக வேண்டும். போகவில்லை. கதையை எழுதிய அறிவுச்செல்வனுக்குப் போனது. சோதித்துப் பார்க்கத் தன் எண்ணைப் போட்டு வைத்தவன், மாற்ற மறந்துவிட்டான். தஞ்சாவூரில் கதையை வெளியிட்டு, சால்வை வாங்கி, ஒரத்தநாட்டு வீட்டுக்கு வந்து மல்லாந்து படுத்து, 'நாமும் உலகத்துக்கு ஏதோ செய்துவிட்டோம்' என்று கண்ணை மூடிய ஐந்தாவது நிமிடம் முதல் அழைப்பு வந்தது.

"வணக்கங்க. திருவையாறு பக்கத்துலேருந்து பேசுறேன். ஒங்க கதைய எம் பொண்ணு போன்ல காட்டுச்சு. ரொம்ப உருக்கமா இருந்துச்சுங்க."

அறிவுச்செல்வன் எழுந்து உட்கார்ந்தான். பாராட்டைப் படுத்துக்கொண்டு வாங்கக் கூடாது என்பது அவன் கொள்கை.

"எத்தனை ஆடு வச்சிருக்கீங்க?" என்றார் திருவையாற்றுக்காரர்.

"என்னதுங்க?"

"நமக்கு ரெண்டு ஏக்கரு. தாளடி அறுத்துட்டு சும்மா கெடக்கு. நாலு ராத்திரி கிடை போட்டீங்கன்னா போதும். செம்மறிதானே?"

கதையின் பெயர் 'கிடை'. முகப்பில் அறுத்த வயல், அந்தி வெளிச்சம், வயல் நிறைய ஆடு. ஓவியர் அழகாகப் போட்டிருந்தார். ராத்திரி மந்தையை வயலில் அடைத்து வைத்தால் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரமாகும். அதற்காகக் கோடையில் ராமநாதபுரம் பக்கமிருந்து கீதாரிகள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு டெல்டாவுக்கு வருவார்கள். அந்த மந்தைகளின் பின்னால் கம்பும் தூக்குவாளியுமாக நடக்கிற, பள்ளிக்கூடம் போகாத, கடனுக்கு ஈடாக வீட்டை விட்டு அனுப்பப்பட்ட பிள்ளைகளைப் பற்றியதுதான் கதை. படிக்கிறவர்தான் அந்தப் பிள்ளை. ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பட்டன்கள் இருக்கும். அழுவாயா, அழ மாட்டாயா? ஓடுவாயா, இருப்பாயா? நீயே முடிவு செய்.

மூன்று நாளில் நாற்பத்தேழு அழைப்புகள். நாற்பத்தைந்து பேர் ஆடு கேட்டார்கள். வேளாங்கண்ணியிலிருந்து பேசிய ஒருவர் தென்னந்தோப்புக்குள் கிடை போடலாமா என்று ஆலோசனை கேட்டார். சீர்காழிக்காரர் ஒருவரிடம் அறிவுச்செல்வன் பொறுமையாக விளக்கினான்: இது ஆட்டு வியாபாரம் இல்லை, குழந்தைகள் படும் கஷ்டத்தைச் சொல்கிற கதை, கடைசி வரைக்கும் படித்தீர்களா?

"படிச்சேங்க. ஏன் கேக்குறீங்க, ரெண்டு நாளாத் தூக்கமே இல்ல. அந்தச் சின்னப் பய அம்மா அம்மாங்குறான் பாருங்க, எங்க வீட்ல அழுதே புட்டாங்க." ஒரு பெருமூச்சு கேட்டது. "சரி, கிடை எப்பப் போடுவீங்க?"

அன்றைக்கு அறிவுச்செல்வன் சாப்பிடவில்லை. மறுநாள் சேர்த்துச் சாப்பிட்டான்.

கதையை வெளியிட்ட அறக்கட்டளையை நடத்தும் பூர்ணிமாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நம்பர மாத்தியாச்சா அறிவு சார்?"

"மாத்திட்டேன் மேடம். ஆனா நாப்பத்தஞ்சு பேரு மேடம். நாப்பத்தஞ்சு பேருக்கும் ஆடுதான் தெரிஞ்சிருக்கு."

"அத விடுங்க. பதினேழாம் பக்கம் பாத்தீங்களா? நூத்துக்கு எண்பத்தொரு பேரு லெஃப்ட அமுக்கியிருக்காங்க. புள்ளைங்க யோசிக்குதுங்க சார். எனக்கு அதான் வேணும்."

பதினேழாம் பக்கத்தில்தான் கதையின் உயிர் இருக்கிறது என்று அறிவுச்செல்வனும் நம்பினான். விடிகாலையில் கிடையிலிருந்து தப்பி வருகிற சிறுவன், இரண்டாகப் பிரியும் ஒரு பாதையில் நிற்கிறான். மதகு, அதன் பக்கத்தில் ஒரு டிரான்ஸ்பார்மர், கண்ணுக்கெட்டிய வரை யாரும் இல்லை. இடப்பக்கம் போனால் மெயின் ரோடு, பஸ், அம்மா. வலப்பக்கம் போனால் புது ஆற்றுக் கரை. அங்கே கீதாரியின் ஆட்கள் வருகிறார்கள். சிறுவனுக்கு எது எந்த வழி என்று தெரியாது. ஆனால் இடப்பக்கம் ஒரு ஹாரன் சத்தம் மெல்லக் கேட்கும். கவனமாகக் கேட்கிற பிள்ளைகள் தப்பித்துவிடலாம். அந்த ஹாரனைச் சேர்த்தது அறிவுச்செல்வனின் சொந்தச் சரக்கு. அதற்காகத் தன்னைத்தானே இரண்டு முறை தட்டிக்கொடுத்திருந்தான்.

நாற்பத்தேழில் மீதி இரண்டில் ஒன்று, சிம் கார்டு கம்பெனி. இன்னொன்று அமிர்தலிங்கம்.

"கதை எழுதுனது நீங்கதானா சார்?"

"ஆமாங்க. ஆடு கிடையாதுங்க."

"ஆடு வேணாம் சார். ஆட்டோடதான் பொழப்பு. கால்நடை ஆஸ்பத்திரில ஆட்டப் புடிச்சுக்கிற வேலை. பதினேழாம் பக்கம் தப்பா இருக்கு சார்."

"லிங்க் வேலை செய்யலியா?"

"அதெல்லாம் செய்யுது. அங்க யாரும் இல்லன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா?"

"அத எடுத்துடுங்க சார்."

வைத்துவிட்டார். அறிவுச்செல்வன் இரண்டு முறை திருப்பி அழைத்தான். மூன்றாவது முறை எடுத்தார். அப்போதுதான் சொன்னார்: ஒன்பது வயதிலிருந்து பதிமூன்று வரைக்கும் அவர் கிடையில் இருந்தவர்.

பூர்ணிமாவுக்கு இது தெரிந்ததும் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். உண்மையிலேயே கிடையிலிருந்து வந்த ஆள்! அவர் குரலையே கதையில் சேர்த்துவிடலாம், புதிய பதிப்பை ஆயிரம் பள்ளிகளுக்குக் கொண்டு போகலாம். "சார், எப்படியாவது அவரப் பேச வைங்க. நீங்கதான் கல்லயும் சிரிக்க வைப்பீங்களே."

அது உண்மை. அறிவுச்செல்வனுக்கு முப்பத்தெட்டு வயதில் இருந்த ஒரே சொத்து அதுதான். பட்டிமன்றத்தில் எந்த அணி கடைசி நேரத்தில் ஆளில்லாமல் தவித்தாலும் அவனைக் கூப்பிடுவார்கள். எந்தப் பக்கம் பேசச் சொன்னாலும் பேசுவான். கருத்து இருக்காது, கைத்தட்டு இருக்கும்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த டீக்கடையில் சந்தித்தார்கள். ஒல்லியான, சுத்தமாகச் சவரம் செய்த மனிதர். காக்கிச் சட்டையில் ஆட்டு வாடை. பெஞ்சில் அறிவுச்செல்வன் உட்கார்ந்ததும் அவர் எழுந்து இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"இடது காது கேக்காது சார். இப்படி இருந்தா நல்லாக் கேக்கும்."

"நல்லதாப் போச்சு. நம்ம பேச்ச ஒரு காதால கேட்டாப் போதும்."

அமிர்தலிங்கம் மரியாதைக்குச் சிரித்தார். அறிவுச்செல்வனுக்கு அந்த மரியாதைச் சிரிப்பு பிடிக்காது. மேடையில் அதைப் பார்த்தால் உடனே கைவசமுள்ள பெரிய வெடியை எடுத்துப் போட்டுவிடுவான். போட்டான்.

"சின்ன வயசுல நான் பண்ணாத சேட்டை இல்லைங்க. ஊருக்குப் புதுசா யாரு வழி கேட்டாலும் மாத்திச் சொல்லுவேன். தாலுகாபீஸ் கேட்டா சாராயக்கடைய காட்டுறது. ஒருதடவை மாப்ள வீட்டுக்காரங்க வேன்ல வந்து பொண்ணு வீடு எங்க தம்பின்னாங்க. நேரா போயி சோத்தாங்கை பக்கம் திரும்புங்கன்னேன். மேளதாளத்தோட சுடுகாட்டுல போயி நிக்கிறாங்க!"

இந்த இடத்தில் தஞ்சாவூரிலிருந்து சிங்கப்பூர் வரைக்கும் ஜனங்கள் சிரித்திருக்கிறார்கள். டீக்கடைக்காரர்கூடச் சிரித்தார். அமிர்தலிங்கம் டீயில் மிதந்த ஆடையை விரலால் எடுத்து ஓரமாகப் போட்டார்.

"அப்பறம் என்ன ஆனாங்க சார்?"

"யாரு?"

"வேன்ல வந்தவங்க."

"என்ன ஆவாங்க? அரை மணி நேரத்துல திரும்பி வந்து எங்கப்பாகிட்டச் சொல்லிட்டாங்க. முதுகு வீங்கிப் போச்சு."

"திரும்பி வந்துட்டாங்களா." அமிர்தலிங்கம் தலையாட்டினார். "நல்லது சார்."

பிறகு வெகுநேரம் ஆட்டுக்கு வரும் கழிச்சலைப் பற்றிப் பேசினார்கள். அறிவுச்செல்வன் எங்கே சுற்றினாலும் பதினேழாம் பக்கத்துக்கே வந்தான். நீங்கள் ஓடிப் போனது எந்த ஊர்? "இந்தப் பக்கந்தான் சார்." எந்த வருஷம்? "சரியா நெனப்பில்ல." எந்த வழியாகப் போனீர்கள்? "விடுங்க சார்." குரல் பதிவுக்கும் சம்மதிக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் வேண்டுமென்றார்: பதினேழாம் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்த வேண்டும்.

"எதுக்குங்க? ஒரு காரணம் சொல்லுங்க."

அமிர்தலிங்கம் கிளாஸைக் கீழே வைத்தார்.

"எம் பொண்ணு தமிழ்நிலா ஆறாவது படிக்குது சார். ஸ்கூல்ல ஒங்க கதையப் போட்டு, ரைட்ட அமுக்குனா என்ன ஆகும்னு காட்டியிருக்காங்க. வீட்டுக்கு வந்து எங்கிட்டச் சொல்லுது, 'அப்பா, அந்தப் பையன் சரியான மக்குப்பா. ஹாரன் சத்தம் கேக்குது, லெஃப்ட்ல போகாம ரைட்ல போயி மாட்டிக்கிறான். நானா இருந்தா தப்பிச்சிருப்பேன்'னு."

"ஒங்களுக்கு நடந்ததுன்னு அதுக்குத் தெரியாதா?"

"தெரியாது சார். ஒரு நாள் சொல்லணும்னு இருந்தேன். காது ஏன் கேக்கலன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். இப்ப எப்படிச் சொல்றது? மக்குன்னு சொல்லிருச்சு." அவர் சிரித்தார். இந்த முறை மரியாதைக்கு இல்லை. "நான் மக்கு இல்ல சார். வழி தெரியாதுன்னு தெரிஞ்சுதான் கேட்டேன். அங்க ஒரு ஆளு நின்னாப்ல."

அறிவுச்செல்வனின் உடம்பு சிலிர்த்தது. வெட்கப்பட வேண்டிய சிலிர்ப்புத்தான், இருந்தாலும் சிலிர்த்தது. ஒரு புதிய பாத்திரம்! கதையில் இல்லாத வில்லன்! பஸ் ஏறுவதற்குள் அந்தப் பக்கத்தை மனதில் எழுதி முடித்துவிட்டான்.

முதலில் ஒரு பெரியவரை நிறுத்தினான். துண்டு போட்ட பெரியவர், கீதாரிக்கு வேண்டியவர், வேண்டுமென்றே கரைப்பக்கம் கை காட்டுகிறார். அமிர்தலிங்கத்துக்கு அனுப்பினான். பதில் வந்தது: 'பெரியவர் இல்ல சார்.'

பால்காரரை நிறுத்தினான். 'இல்ல சார்.'

நாற்று பறிக்கப் போகும் ஒரு பெண்ணை நிறுத்தினான். அப்போது வயலெல்லாம் அறுத்துக் கிடக்கிறது, நாற்றுக்கு எங்கே போவது என்று பிறகுதான் உறைத்தது. அமிர்தலிங்கம் அதற்குப் பதிலே போடவில்லை.

இவர் என்ன, பட்டன் இல்லாமலே கதை நடத்துகிறாரே என்று அறிவுச்செல்வன் போன் போட்டான்.

"நீங்களே சொல்லிடுங்க. ஆளு எப்படி?"

"பையன் சார். என்னைவிட நாலஞ்சு வயசு பெரிய பையன். மதகு மேல ஒரு கால ஊனிக்கிட்டு சைக்கிள்ல ஒக்காந்திருந்தாப்ல."

"எந்த மதகு?"

"நீங்க படம் போட்டிருக்கீங்களே. அதான்."

ஓவியருக்கு மாதிரி காட்டுவதற்காக அறிவுச்செல்வன் கொடுத்த போட்டோ அவன் பிறந்த ஊர் மதகு. ஒரத்தநாட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர். எல்லா ஊரிலும் மதகு ஒரே மாதிரிதான் இருக்கும் என்று அப்போது நினைத்திருந்தான். அந்த எண்ணம் இப்போதும் உதவுமா என்று முயன்று பார்த்தான்.

"அது எங்க ஊருங்க."

"ஆமா சார்."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கடைசிப் பக்கத்துல எழுதினவரு பேரு, ஊரு, போட்டோ எல்லாம் இருக்கே சார்." பின்னால் ஓர் ஆடு கத்தியது. "டாக்டர் கூப்பிடுறாரு. வச்சிடுறேன்."

அன்று மாலை அறிவுச்செல்வன் விசாரணையில் இறங்கினான். அந்தக் காலத்தில் ஊரில் சைக்கிள் வைத்திருந்த பையன்கள் யார் யார்? விரல் விட்டு எண்ணினான். மிராசுதார் பேரன், போஸ்ட்மேன் மகன், டைலர் வீட்டு இரட்டையர், வாத்தியார் பையன், இப்போது துபாயில் இருக்கும் ஒருத்தன். ஆறு பேர் மேலும் அவனுக்குச் சந்தேகம் வந்தது. மிராசுதார் பேரன் மேல் கூடுதலாகவே வந்தது. அவன் முகத்திலேயே ஒரு திமிர் உண்டு. ஏழாவது சைக்கிளை அறிவுச்செல்வன் எண்ணவில்லை.

அந்த ஏழாவது சைக்கிள் வந்த கதையை அவன் வெளியீட்டு விழாவிலேயே சொல்லியிருந்தான். அவனுடைய தாத்தா பண்ணையாள். அடி வாங்கிய முதுகு. அப்பா ரெத்தினம் சிறுகச் சிறுகச் சேர்த்து ஒன்றரை ஏக்கர் வாங்கினார். சொந்த வயலில் முதல் அறுப்பு முடிந்த வருஷம் மகனுக்குச் சைக்கிள் வாங்கினார். அடுத்த வாரம் மூன்று ராத்திரி கிடை போட்டார். மண்ணுக்கு அவ்வளவு உரம் தேவைப்படவில்லை. ரெத்தினம் வயலில் கிடை கிடக்கிறது என்று ஊர் பேச வேண்டியிருந்தது. அந்தக் கிடையைச் சேர்ந்த, தூக்குவாளியோடு நின்ற ஒரு சின்னப் பையனுக்குத் தான் முறுக்கு கொடுத்ததையும், அவன் அதைப் பாதி கடித்துவிட்டு மீதியை மடியில் முடிந்துகொண்டதையும் அறிவுச்செல்வன் மேடையில் சொன்னபோது கூட்டம் மூக்கை உறிஞ்சியது. அந்த முறுக்கிலிருந்துதான் தனக்குள் இந்தக் கதை முளைத்தது என்று முடித்தான். பூர்ணிமா எழுந்து நின்று கை தட்டி, அந்தப் பேச்சைக் கதையின் கடைசிப் பக்கத்திலேயே வீடியோவாகச் சேர்த்தார்.

முறுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கை முறுக்கு, எள்ளு போட்டது. அதற்குப் பிறகு அந்தப் பையன் எங்கே போனான் என்பது மட்டும் ஞாபகம் இல்லை. கிடை போனால் கூடவே போயிருப்பான் என்று இருபத்துநாலு வருஷமாக ஒரு பொத்தாம்பொதுவான நினைப்பு.

பூர்ணிமா வெள்ளிக்கிழமைக்குள் புதிய பதிப்பு வேண்டுமென்றார். "ஆளு யாருன்னு தெரிஞ்சுதா சார்?"

"சைக்கிள்ல ஒரு பையன் மேடம்."

"நல்லவனா, கெட்டவனா?"

"அது இன்னும் முடிவாகல."

"நல்லவனாவே வச்சிடுங்க. சரியான வழியக் காட்டுறான், நம்ம பையன் பயந்துபோயி மாத்திப் போயிடுறான். ஸ்கூல் புள்ளைங்களுக்கு பாசிட்டிவா இருக்கும்."

அறிவுச்செல்வன் அப்படியே எழுதினான். எழுதும்போது கை ஓடியது. சைக்கிள் பையன் இறங்கி வருகிறான், தோளைத் தொடுகிறான், 'தம்பி, இடப்பக்கம் போ' என்கிறான். அனுப்பினான். ராத்திரி முழுக்கப் பதில் இல்லை. காலையில் ஒரே ஒரு வரி வந்தது: 'அப்ப நான் மக்குதான்னு ஆயிடும் சார்.'

பத்து நிமிடம் கழித்து இன்னொரு வரி: 'ஞாயித்துக்கெழமை லீவு. மதகுகிட்ட வாங்க.'

மேட்டூர் திறக்க இன்னும் நாள் இருந்தது. புது ஆறு மணலாகக் கிடந்தது. அறிவுச்செல்வன் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது அமிர்தலிங்கம் முன்பே வந்து டிரான்ஸ்பார்மர் நிழலில் நின்றுகொண்டிருந்தார். காக்கிச் சட்டை இல்லை. வெள்ளைச் சட்டை, கல்யாணத்துக்கு வந்தவர்போல இருந்தார்.

"சீக்கிரம் வந்துட்டீங்களா? வழி கண்டுபுடிக்கச் செரமமா இருந்துச்சா?" என்று கேட்டுவிட்டு அறிவுச்செல்வன் நாக்கைக் கடித்துக்கொண்டான். வாய் அப்படி. முப்பத்தெட்டு வருஷமாக அவனுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கிற வாய்.

"இல்ல சார். இப்பத் தெரியும்."

அமிர்தலிங்கம் மதகுச் சுவரைத் தடவிப் பார்த்தார். பழைய சுவர். ஓர் ஓரம் உடைந்து செங்கல் தெரிந்தது. "இங்கதான் கால ஊனியிருந்தாப்ல."

இடப்பக்கம் மெயின் ரோட்டில் பட்டுக்கோட்டை பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. தெளிவாகக் கேட்டது.

"இந்தச் சத்தம் அன்னைக்குக் கேட்டுச்சா?" என்றான் அறிவுச்செல்வன்.

"கேட்டுச்சு சார். அப்ப ரெண்டு காதும் கேக்கும். லெஃப்ட்லதான் கேட்டுச்சு. ஆனா அந்தப் பையன் இந்தப் பக்கம் காட்டுனாப்ல." வலப்பக்கம் நீண்டு போன ஆற்றுக் கரையைக் காட்டினார். "அது லாரி சத்தம், பஸ்ஸு இங்கிட்டுதான் நிக்கும்னாப்ல. உள்ளூர்க்காரரு சொல்றாரு, எனக்கென்ன தெரியும்? அந்தப் புளியமரம் தெரியுதுல்ல, அங்க போறதுக்குள்ள கீதாரி வந்துட்டாரு. ஒரே அறை. அப்பறம் நாலு வருஷம்."

புளியமரம் முந்நூறு அடிகூட இருக்காது. மதகில் காலூன்றியிருந்தவனுக்கு அங்கே நடந்தது தெரிந்திருக்கும். சைக்கிளை மிதித்துக்கொண்டு உடனே வீட்டுக்குப் போயிருந்தால் தெரிந்திருக்காது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, யாரிடமாவது சொல்ல வேண்டுமே என்கிற அவசரத்தில் வேகமாக மிதித்திருந்தால் தெரிந்திருக்காது.

அறிவுச்செல்வனுக்கு ஒரு ஜோக் சொல்ல வேண்டும் போலிருந்தது. எதுவாயிருந்தாலும் சரி. ஒன்றும் வரவில்லை.

"மிராசு வீட்டுப் பையனா?" என்றான்.

அமிர்தலிங்கம் அவனைப் பார்த்தார். கோபம் இல்லை. ஊசி போடுவதற்கு முன்னால் ஆட்டின் தலையைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார்.

"டைலர் வீட்டுப் பசங்க ரெண்டு பேரு உண்டு, அவனுங்க…"

"பதினேழாம் பக்கத்துல யாரு நின்னான்னு எழுதுங்க சார். எம் பொண்ணு படிக்கணும். அதுக்கு அப்பறம் நான் அதுகிட்டச் சொல்லிக்கிறேன்."

"எழுதுறேன். எழுதுறதுக்குத்தான் கேக்குறேன்." அறிவுச்செல்வனின் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அவன் சுற்றிக்கொண்டு அமிர்தலிங்கத்தின் வலது பக்கம் வந்து நின்றான், கேட்கிற காதுப்பக்கம். "அது யாரு அமிர்தலிங்கம்?"

"நீங்கதான் சார். முறுக்கு குடுத்தீங்க, அது நெசம். அத வாங்கிக்கிட்டுத்தான் பஸ்ஸு எங்க நிக்கும்னு கேட்டேன். நீங்க காட்டுன பக்கம் போனேன்."